சமையல் குறிப்பின் பின்பக்கம்

அன்புள்ள உங்களுக்கு,

நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கோபத்தைத் தவிர வேறு நோய் இல்லை.

நீங்கள் அனுப்பிய வாரப்பத்திரிகைகள் ஆறும் வந்தன. ஆறிலும் சமையல் குறிப்பைக் கத்தரித்து எடுத்திருக்கிறீர்கள். அதன் பின்பக்கத்தில் தொடர்கதை இருப்பது கண்ணில் படவில்லையா? நாள் முழுக்க ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறவளுக்கு மிச்சம் அந்த ஒரு பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை அறைத்தோழிக்கு வாசித்துக் காட்டினேன். கதாநாயகி ஊர் திரும்புவதா வேண்டாமா என்று பெட்டியோடு ரயிலடியில் நிற்கிறாள். அதற்குமேல் தாளில் ஓட்டை.

“அப்புறம் என்னடி ஆச்சு?” என்றாள்.

“எங்க வீட்டுக்காரர் சமைச்சுட்டாரு” என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. நான் இருந்தவரை வெந்நீர் வைக்கக்கூட அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காத மனிதர், நான் கிளம்பியதும் கரண்டி பிடிக்கிறீர்கள். எட்டு வருஷமாக இந்த ஞானம் எங்கே போயிருந்தது?

குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு துண்டுகளை அனுப்புங்கள். எண்ணெய்க்கறை பட்டிருந்தாலும் துடைக்க வேண்டாம், அப்படியே வரட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. கடைசித் துண்டை முதலில் அனுப்புங்கள். அவள் வீட்டுக்குத் திரும்பினாளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உங்கள் கோபக்காரி