இரண்டு தலைக்கு ஒரு ஹெல்மெட்

மார்ச் 4, செவ்வாய்

இன்று சைக்கிளிலிருந்து விழுந்தேன். எழுதிப் பார்த்தால் சாதாரண விஷயமாகத்தான் இருக்கிறது.

காலை ஐந்தே முக்கால். வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூட மதில் முடிகிற இடம். கல் இல்லை, குழி இல்லை, எதிரே வண்டியும் இல்லை. மதிலைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, தரையில் கிடக்கிறேன், பால்காரர் குனிந்து, "அம்மா, கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" என்கிறார். நடுவில் என்ன நடந்தது? அந்த நடுவே என்னிடம் இல்லை. துணியில் ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டவைத்தது போல இருக்கிறது.

ஹெல்மெட் வலது காதுக்கு மேலே மோதியிருக்கிறது. வெளியே ஒரு கீறல்தான். மதியம் வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் துடைத்து ஆணியில் மாட்டினேன்.

எங்களிடம் இருப்பது ஒரு சைக்கிள், ஒரு ஹெல்மெட். கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலை ஷிப்ட் எனக்கு. மதியம் இரண்டு மணிக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் தங்கைக்கு உதவியாளர் வேலை. ஹெல்மெட்டின் பின்பக்கத் திருகைக் காலையில் நான் தளர்த்துவேன், மதியம் அவள் இறுக்குவாள். "உனக்கு மண்டை மட்டும்தான்க்கா பெருசு" என்று தினமும் சொல்வாள். இன்றும் சொன்னாள். இறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விழுந்ததை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்

அம்மாவுக்கு முதல் தடவை வலிப்பு வந்தபோது நாற்பத்தொரு வயது. எனக்கு நாற்பத்திரண்டு.

மார்ச் 7, வெள்ளி

ஹெல்மெட்டின் உள்பஞ்சைப் பிரித்துப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. அடியில் இருக்கும் வெள்ளைத் தெர்மாகோல் முடிக்கற்றை கனத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. நகம் உள்ளே போகிறது. பஞ்சை மறுபடி ஒட்டிவிட்டேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு போனாள், கையாட்டிவிட்டு.

விழுந்தேன் என்று சொன்னால் எப்படி விழுந்தாய் என்பாள். அவள் சும்மா கேட்கிறவள் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்றுதான் பேர். உண்மையைச் சொன்னால் சைக்கிள் போகும். அதன் பின்னால் கம்பெனியில் துணி வெட்டுகிற மெஷினும் போகும்.

சைக்கிள் போனால் போகட்டும். மெஷின்? எண்பது அடுக்குத் துணியை ஒரே மூச்சில் அறுக்கிற கத்தி அது. இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் கைப்பிடி, பத்தொன்பது வருஷம். அந்தக் கம்பெனியில் ஒரு பெண்ணை 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிறார்கள் என்றால் அது என்னைத்தான். அந்த மேஜையை விட்டால் நான் யார்? எனக்கே தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஹெல்மெட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, கட்டைவிரலால் அழுத்தினார்.

"இது முடிஞ்சுதும்மா. ஒரு அடிக்குத்தான் இது. உங்களுக்காக வாங்கிடுச்சு. அடுத்த அடி நேரா மண்டைக்குத்தான். தூக்கிப் போடறப்ப வாரை அறுத்துட்டுப் போடுங்க, இல்லேன்னா யாராவது எடுத்து மாட்டிப்பாங்க."

இதே சிவப்பு இருக்கிறதா என்று கேட்டேன். இந்த மாதிரி இப்போது வருவதில்லையாம். நீலம், கறுப்பு இருந்தது. நீலத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 'பழசுக்கு என்ன ஆச்சு?' என்று அவள் கேட்பது காதில் கேட்டது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தங்கை தலையைவிட எனக்கு என் பொய் பெரிதாகிவிட்டது.

மார்ச் 10, திங்கள்

ஹெல்மெட்டைப் பீரோ மேல் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். கம்பெனியில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். அது இல்லாவிட்டால் பஸ்ஸில் போவாள் என்று கணக்குப் போட்டேன்.

"சரி விடு, ஒரு நாள்தானே," என்று வெறும் தலையோடு ஏறிப் போய்விட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் வெறும் தலை. மழை வேறு. "ரெண்டு நாளா மறப்பியா? நாளைக்கு நானே வந்து எடுத்துக்கறேன்," என்றாள். அவள் போனதிலிருந்து கேட் சத்தம் கேட்கும் வரை வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உடைந்த ஹெல்மெட் பரவாயில்லையா, வெறும் தலை பரவாயில்லையா? உட்கார்ந்து இதை யோசிக்கிறேன் பாருங்கள் — சீ, நானெல்லாம் ஒரு அக்கா.

மார்ச் 12, புதன்

சாப்பிட உட்கார்ந்தவள் முன்னால் ஹெல்மெட்டை வைத்தேன். "போன வாரம் செவ்வாக்கிழமை விழுந்துட்டேன். கல்லு தடுக்கிடுச்சு. இது உள்ள உடைஞ்சிருக்கு," என்றேன். மூன்று வாக்கியம். மூன்று நாளாக மனப்பாடம் செய்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "கையக் காட்டு," என்றாள்.

"எதுக்கு?"

"காட்டுக்கா."

இரண்டு உள்ளங்கையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு முழங்கை.

"கல்லு தடுக்கி விழறவ கைய ஊனுவா. எட்டு நாள்ல பொருக்காவது இருக்கும். உனக்கு ஒரு கீறல் இல்ல."

கையை இழுத்துக்கொண்டேன்.

"அம்மாவும் கைய ஊன மாட்டா," என்றாள்.

எனக்கு அது நினைவே இல்லை. அம்மா எத்தனை தடவை விழுந்தாள், நெற்றி, தாடை, கடைசியில் குளியலறையில் பின்மண்டை. உள்ளங்கை மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கும். ஒளிக்க வேண்டியது ஹெல்மெட்டை என்று நினைத்து நான் அதை ஒளித்துக்கொண்டிருந்தேன். என் கை இரண்டும் அவள் கண்ணெதிரில்தானே இருந்தது.

அப்புறம்தான் கத்தினாள். "அஞ்சு நாள் இத என் தலையில மாட்டி அனுப்பினியே" என்று கத்துவாள் என்றுதான் காத்திருந்தேன். அதைச் சொல்லவே இல்லை. "அந்தக் கத்தி முன்னாடி தினம் போய் நின்னியே! அங்க வந்திருந்தா? அங்க எவன் உனக்கு ஹெல்மெட் வெச்சிருக்கான்?" என்று கேட்டு அழுதாள். ரெண்டு பேரும் அழுதோம், சோறு ஆறிப்போச்சு.

மார்ச் 18, செவ்வாய்

அம்மாவுக்கு வந்த அதேதான். மாத்திரை காலையும் இரவும். ஒரு வருஷத்துக்குச் சைக்கிள் கூடாது, மெஷின் கூடாது. "அப்புறம் பாக்கலாம்," என்றார் டாக்டர். 'பாக்கலாம்' என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தார்.

மார்ச் 24, திங்கள்

அறுத்த துண்டுகளுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிற மேஜையில் போட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. இரும்புக் கையுறையைக் கழற்றிப் புது ஆளிடம் கொடுத்தேன். அவனுக்குப் பெரிதாக இருந்தது.

பதினொரு மணிக்கு யாரோ "மாஸ்டர்!" என்று கூப்பிட்டார்கள். திரும்பிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

பழைய ஹெல்மெட்டின் வாரை என் கத்தரிக்கோலாலேயே அறுத்தேன். நேராக விழுந்தது வெட்டு. கை நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

தங்கை நேற்று நீலத்தை வாங்கி வந்துவிட்டாள். ஆணியில் தொங்குகிறது. நான் இப்போது பஸ்.

அவள் குளிக்கும்போது அதை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தேன். உச்சியில் நின்றது, கீழே இறங்கவில்லை. கை தானாகப் பின்னால் திருகுக்குப் போயிற்று. கையை எடுத்துவிட்டேன். ஹெல்மெட்டை இருந்தபடியே ஆணியில் மாட்டினேன்.

ஒன்றரை மணிக்கு வந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். பழக்கத்தில் அவள் விரலும் திருகுக்குப் போனது. இறுக்க ஒன்றும் இல்லை. நேற்று அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. கையைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மண்டையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"வரேன்க்கா," என்றாள்.

கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.