பாட்டு கேட்டபின் போடும் விளக்கு

படூர்,
டிசம்பர், புதன்கிழமை

கர்த்தருக்குள் அன்பான நைனாவுக்கு,

உங்கள் மகள் ரூத் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். பஸ் ஓட்டி ஓட்டி வந்த உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா? பனியில் நின்றுகொண்டு முறுக்கு சுட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்லுங்கள்.

கையில் போன் இருக்க, இவள் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போடும்மா, நானும் சம்பந்தியை விசாரிக்கிறேன் என்பார். வாட்ஸப்பில் அனுப்பலாமென்றால் உங்கள் போன் எப்போதும் ஜோஷ்வா கையில். தம்பி அதைத் தெருவுக்கே படித்துக் காட்டிவிடுவான். அதனால் இங்கே சமைக்க வரும் கல்யாணி அக்காவிடம் கொடுத்து, கேளம்பாக்கம் போஸ்ட் ஆபீஸில் போடச் சொல்லப்போகிறேன்.

உங்களை நான் போனில் அப்பா என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறதா? ராங் நம்பரா என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நைனா என்றால் தெலுங்காச்சே, நீங்க தெலுங்குக்காரங்களா என்று அத்தை கேட்டார். எங்கள் பக்கம் அப்படித்தான் என்றேன். அப்பான்னு சொல்லேன், கேட்க நல்லா இருக்கும் என்றார். அன்றிலிருந்து வாய் தானாகவே திருத்திக்கொண்டுவிட்டது.

தப்பாக நினைக்காதீர்கள், இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமாவும் அத்தையும் தாங்குகிறார்கள். டாக்டர் அலையக் கூடாது என்று சொன்னதிலிருந்து காய் நறுக்கக்கூட விடுவதில்லை. அடித்தால் அழலாம், திட்டினால் திருப்பித் திட்டலாம். பாயசத்தை ஆற்றி ஆற்றிக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் என்ன சொல்லிச் சண்டை போடுவது? இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது நைனா. இதைப் போய் யாரிடம் சொன்னாலும் உனக்குக் கொழுப்பு என்பார்கள்.

கிறிஸ்மஸ் ஏற்பாடுகளைக் கேளுங்கள். அத்தை போன வாரமே ஸ்டார் வாங்கி பால்கனியில் கட்டிவிட்டார். குடில் வைத்திருக்கிறார், ஆனால் நவராத்திரிக் கொலுவுக்கு வைக்கிற மாதிரி படி கட்டி. மேல்படியில் குழந்தை இயேசு, அடுத்த படியில் ஆடு மாடு, கீழே செட்டியார் பொம்மையும் அவர் மளிகைக் கடையும். முன்னால் குத்துவிளக்கு, கேசரி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மேய்ப்பர்களைவிட செட்டியார் பெரியவராக இருக்கிறார், அவ்வளவுதான். உங்க வீட்ல கிறிஸ்மஸுக்கு என்ன சமைப்பீங்க என்று ஆசையாகக் கேட்டார். பிரியாணி என்றேன். முட்டை போடாத கேக்கோடு வெஜிடபிள் பிரியாணியும் முடிவாகிவிட்டது. என்ன பிரியாணி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில், நீ வர முடியாட்டி இன்னா பாப்பா, நம்ம கேரல் ரவுண்டு இந்த வாட்டி உன் வூட்டாண்ட வருது, குட்டியானை வண்டி பேசிகினு கீறோம் என்று சொன்னீர்கள். எனக்கு அப்போதே நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் ஸ்பீக்கரில் அத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு பேரைக் கேட்ல விடமாட்டாங்க சம்பந்தி, கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு எங்க பிளாட்ஸ்லயே விழா வெச்சிருக்கோம், நீங்களும் சம்பந்தியம்மாவும் மட்டும் வாங்க, கார் அனுப்பறோம் என்றார். நீங்களும் சரிங்கம்மா என்று சொல்லிவிட்டீர்கள். என்னைக் கேட்டிருக்கலாம்.

அந்த விழா என்னவென்று உங்களுக்குத் தெரியாது. கீழே கிளப் ஹவுஸில் நாற்காலி போட்டு, ஸ்பீக்கரில் இங்கிலீஷ் பாட்டு போடுவார்கள். செக்ரட்டரி ஹரிஹரன் சார் வரவேற்புரை. கிறிஸ்மஸ் மரத்துக்கு விளக்கு போட்டுத் தொடங்கி வைப்பவர் நீங்கள். ஏனென்றால் நீங்கள் மறைமலைநகரில் ஒரு பெரிய கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் மேனேஜர். ஆமாம் நைனா, அத்தை அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர் என்பதை இப்படி மாற்றிவிட்டார். நோட்டீஸில் அச்சாகி லிப்ட்டுக்குள் ஒட்டியும் ஆயிற்று. லிப்ட்டில் ஏறும்போதெல்லாம் உங்கள் பெயருக்குக் கீழே அந்த வேலையைப் படித்துக்கொண்டே மூன்று மாடி வருகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை ஷ்யாமிடம் சொன்னேன். அம்மா உன்னைக் கௌரவமா காட்டணும்னுதான் செய்றாங்க, ஒரு நாள்தானே ரூத் என்றார். அவர் நல்லவர்தான். ஆனால் எல்லாமே ஒரு நாள்தானே என்கிறார். இப்படி ஒவ்வொரு நாளாகச் சேர்ந்து பிறக்கப்போகிற பிள்ளைக்கு அதுவே உண்மையாகிவிடும். அது உங்களை எந்த ஆள் என்று நினைத்து வளரும்? உங்களைத் தெரியாத பிள்ளையை நான் பெற்றுக்கொள்ளவா?

அத்தையிடமும் பேசப் போனேன். எங்கள் ஊர் கேரல் வீட்டு வாசலில் வந்து பாடினால்தான் எனக்குக் கிறிஸ்மஸ் என்றேன். அதான் நம்ம வீட்டுக்கே கிறிஸ்மஸ் வந்துடுச்சே என்று குடிலைக் காட்டினார். அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க எனக்கும் தெரியவில்லை. நம் தெருவில் கேரல் வருவது தெரிந்தும் எல்லா வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டு, தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருப்போமே. முதல் அடி பாடி டோலக்கு விழுந்த பிறகுதானே விளக்கைப் போட்டுக் கதவைத் திறப்போம். ஜோஷ்வா சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டிருப்பான். இதை எப்படிச் சொல்ல? தெரிந்தே ஏன்மா இருட்டுல உட்காரணும் என்று கேட்பார்.

அதனால் நைனா, கார் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அம்மாவின் உடம்பைச் சாக்குச் சொல்லாதீர்கள், வரவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அந்த நோட்டீஸைக் கிழிக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் வந்து மரத்துக்கு விளக்கு போட்டுவிட்டால் அந்தத் தைரியம் பிறகு எப்போதும் வராது. விழாவுக்கு அடுத்த நாள் சாயங்காலம், நீங்கள் முதலில் சொன்னபடியே குட்டியானையில் எல்லோரும் வாருங்கள். தோல் தொய்ந்த அந்த டோலக்கையும் கொண்டுவாருங்கள். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் காக்கிச் சட்டையிலேயே வந்தாலும் சரி.

கேட்டில் நிறுத்தி யார் என்று கேட்பார்கள். ரூத்தோட நைனா, பஸ் டிரைவர் என்று சொல்லுங்கள். வாட்ச்மேன் இண்டர்காமில் எங்கள் வீட்டைக் கூப்பிடுவார். அன்றைக்கு அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், வேறு யாரையும் எடுக்கவிட மாட்டேன். விடச் சொல்வேன். அப்படியும் விடாவிட்டால் திரும்பிப் போய்விடாதீர்கள். ரோட்டிலேயே நின்று பாடுங்கள். மூன்றாவது மாடிக்குக் கேட்கும். லிப்ட்டில் இறங்கி வர டாக்டர் தடை போடவில்லை.

அத்தை கட்டிய ஸ்டாரையும் சேர்த்து எல்லா விளக்கையும் அணைத்து வைத்திருப்பேன். என்னம்மா இது, கரண்ட் போயிடுச்சா என்று கேட்பார்கள். கேட்கட்டும். உங்கள் டோலக்குச் சத்தம் விழாமல் நான் போட மாட்டேன்.

கர்த்தர் உங்களையும் அம்மாவையும் தம்பியையும் சுகமாகக் காக்கட்டும்.

இவ்வளவு நேரம் நீங்கள், வாருங்கள் என்று மரியாதையாக எழுதிவிட்டேன். இனி முடியவில்லை. வந்துடு நைனா. என்னை இருட்டுலயே உக்கார வெச்சிடாத.

உன் பாப்பா,
ரூத்