நித்திரை போல் கிடந்த பிள்ளை

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்த மறுவாரம், வதனி ஒரு பெரிய மண்ணிறக் கடித உறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கிளென் வேவர்லியில் நீங்கள் தனியாக இருந்த வீட்டை ஒதுக்கும்போது, அலுமாரியின் மேல்தட்டில், கம்பளிகளுக்கு அடியில் கிடந்ததாம். பூச்சி உருண்டை மணத்தது.

"இது உங்கட ரெண்டு பேரின்ரையும் விசயம் அம்மா. நான் திறக்கேல்லை" என்றாள் எங்கள் மகள். அவளுக்கே இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

அவள் போன பிறகு திறந்தேன். மணமுறிவுக் காலத்தில் நீதிமன்றத்துக்குக் கொடுத்த உங்கள் சத்தியக்கடதாசி, என் சத்தியக்கடதாசி, அவற்றுக்குக் கீழே தட்டச்சில் அடித்த அந்த அறிக்கை. என்னிடம் இருந்த பிரதியை எப்போதோ கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் வைத்திருந்திருக்கிறீர்கள். உங்களோடு பேசிப் பழகிய எனக்கு இனி எழுதத்தான் முடியும். எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. மெல்பேணில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். அதனால் நாங்கள் பிரிந்தபோது, ஒதுங்கி நிற்க ஒருவரும் மிஞ்சவில்லை. பாதிப்பேர் உங்கள் பக்கம், பாதிப்பேர் என் பக்கம். யார் பிழை என்று கேட்காமலே மணமுறிவு தருகிற புதுச் சட்டம் வந்து இரண்டு மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஆட்களுக்கோ யார் பிழை என்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

நான் கிளேட்டனில் வாடகை வீட்டில் வதனியோடு இருந்தேன். நீங்கள் ஃபுட்ஸ்கிரேயில் ஒற்றை அறை ஃபிளாட்டில். வெள்ளி பின்னேரம் கூட்டிப்போய் ஞாயிறு பின்னேரம் கொண்டுவருவீர்கள். அதுவரை வழக்கென்று ஒன்றும் இல்லை. பிறகுதான் சாம்பியாவிலிருந்து உங்கள் தமையனின் கடிதம் வந்தது. வீதி கட்டும் திட்டத்தில் உங்களுக்கு எஞ்சினியர் வேலை, தங்க வீடு, பக்கத்திலேயே தமையனின் மூன்று பிள்ளைகள். வதனியையும் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னீர்கள்.

"இஞ்சை தனிப்பிள்ளையா வளருறாள். அங்கை தமிழ்ப் பிள்ளையளோடை வளரட்டும். நீர் இரவு வேலைக்குப் போனா அவளை ஆர் பாக்கிறது?"

"பக்கத்து வீட்டு மனுசி பாக்கிறா. நீங்கள் போறதெண்டால் போங்கோ. பிள்ளை வரமாட்டாள்."

அடுத்த கிழமையே இரண்டு பேரும் ஆளுக்கொரு வழக்கறிஞரைப் பிடித்தோம்.

வெள்ளியும் ஞாயிறும் கையளிக்கும் நேரத்தில் வதனி எப்போதும் நித்திரையாகக் கிடப்பாள். ஞாயிறில் நீங்கள் காரின் பின்னிருக்கையிலிருந்து தூக்கித் தருவீர்கள். நான் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போவேன். வெள்ளியில் நான் கட்டிலிலிருந்து தூக்கிவந்து உங்கள் காரில் படுக்க வைப்பேன். இதை இரண்டு பேரும் சத்தியக்கடதாசியில் எழுதினோம். தாயின் ஒழுங்கில்லாத வேலை நேரத்தால் பிள்ளை களைத்துப்போகிறாள் என்று நீங்கள். தகப்பன் சிநேகிதர்களோடு சீட்டுக் கடதாசி விளையாடிக்கொண்டு பிள்ளையை நேரத்துக்குப் படுக்க விடுவதில்லை என்று நான்.

அது மட்டும் எழுதியிருந்தால் இன்று என் மனம் இவ்வளவு கனத்திராது. என் வழக்கறிஞர் கேட்டார்: "அவர் பிள்ளைக்குக் கை ஓங்கியதுண்டா?" நீங்கள் ஒருநாள் என்னோடு சண்டை பிடித்து மேசையில் கையை ஓங்கி அடித்தீர்கள். வதனி அப்போது மேசையில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த மேசையை நினைத்துக்கொண்டு "ஓம்" என்றேன். தட்டச்சாகி வந்தபோது, மேசை இல்லை. 'பிள்ளையின் மீது கை ஓங்கினார்' என்று இருந்தது. வாசித்தேன். பேனாவை எடுத்துக் கையெழுத்து வைத்தேன்.

முதல் தவணை நாளில் நீதிபதி எந்தப் பக்கத்தையும் எடுக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் சேராத ஒருவர் பிள்ளையையும் எங்களையும் பார்த்து அறிக்கை தரட்டும் என்று சொல்லிவிட்டார். அப்படி வந்தவர்தான் மார்கரெட். ஐம்பது வயதிருக்கும், தடித்த கம்பளிச் சட்டை, பையில் எப்போதும் கலர்ப் பென்சில்கள்.

முதல் சந்திப்பில் உங்களைப் பற்றிய குற்றப்பத்திரிகையை மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. "அதெல்லாம் கடதாசியில் வாசித்துவிட்டேன். வதனி காலையில் என்ன சாப்பிடுவாள்? இருட்டுக்குப் பயமா? பள்ளிக்கூடத்தில் ஆரோடு விளையாடுவாள்?" என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் சொன்னேன். மூன்றாவதுக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் அதற்கு மூன்று பெயர்கள் சொல்லியிருக்கிறீர்கள். எந்தப் பிள்ளைக்கு முன்பல் விழுந்தது என்பதுகூட. காலைச் சாப்பாட்டில்தான் நீங்கள் தடுமாறினீர்களாம். அறிக்கையில் இருக்கிறது.

அவர் என் வீட்டுக்கு வந்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. விடிய எழும்பிக் குசினித் தரையைத் தேய்த்து, வடை, இடியப்பம், சொதி, கேசரி எல்லாம் செய்து வைத்தேன். வதனி மேசையைப் பார்த்துவிட்டு, "டுடே இஸ் சம்படீஸ் பேர்த்டே?" என்று அந்த மனுசியிடமே கேட்டாள். பிறகு உங்கள் ஃபிளாட்டுக்குப் போயிருக்கிறார். நீங்கள் முதல்நாள் வாங்கிப் போட்ட கட்டிலில் ரோசாப்பூ விரிப்பு, அதில் கடையின் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்ததாம். இரண்டையும் ஒரே பந்தியில் எழுதியிருக்கிறார்: 'இரு பெற்றோரும் என் வருகைக்காக மிகுந்த சிரமம் எடுத்துக்கொண்டார்கள்.' ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம், எங்கள் இருவரிடமும் கேட்டுவிட்டு, உங்கள் காரிலேயே முன்னிருக்கையில் ஏறி கிளேட்டனுக்கு வந்தார். வதனி பாதி வழியில் கண்ணை மூடிவிட்டாள். வழமைபோல நீங்கள் அவளைத் தூக்கினீர்கள், நான் வாங்கினேன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மார்கரெட் வாசலில் நின்று பார்த்தார். இரண்டு நாள் கழித்து, பொம்மை வீடும் சின்னக் கதிரைகளும் இருந்த தன் கந்தோர் அறையில் வதனியோடு தனியாக இருந்து பேசினார்.

அறிக்கை வந்த நாளில், வழக்கறிஞரின் கந்தோரில் அதை வாசித்தேன். இப்போது மறுபடி வாசிக்கிறேன். அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு இன்றும் நேரமெடுக்கிறது.

'பிள்ளை களைப்பினால் உறங்குவதில்லை. உறங்குவதுபோல் படுத்திருக்கிறாள். தூக்கும்போது அவளுடைய விரல்கள் தந்தையின் சட்டையை இறுகப் பிடித்திருந்தன. ஏன் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் பாய் சொல்லி விடைபெறத் தேவையில்லை என்றாள். யாரோடு இருக்க விருப்பம் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே, அப்பா கேட்டால் அப்பா என்றும் அம்மா கேட்டால் அம்மா என்றும் சொல்வதாகச் சொன்னாள். உங்களுக்கு எது சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டாள்.'

ஏழு வயதுப் பிள்ளை.

உங்களைப் பற்றி ஒரு வரி: 'தந்தையிடம் பிள்ளைக்குப் பயம் இருப்பதற்கான எந்த அறிகுறியையும் நான் காணவில்லை.' முடிவில், வதனி மெல்பேணில் என்னோடு இருப்பது நல்லது, தகப்பனும் இந்த ஊரிலேயே இருந்து அடிக்கடி பார்ப்பது அதைவிட நல்லது, இரண்டு பேரும் பிள்ளையின் முன்னால் ஐந்து நிமிடமாவது சாதாரணமாகப் பேசப் பழக வேண்டும் என்று எழுதியிருந்தார்.

வழக்கு நாளில் கோட்டின் நடைபாதையில் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். உங்கள் வழக்கறிஞர் கையைக் காட்டி மறித்தார். நீங்கள் அவரைத் தாண்டி வந்தீர்கள். பல மாதங்களுக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"நான் சாம்பியாவுக்குப் போகேல்லை."

"ஏன்? வேலை?"

"அவள் நித்திரை இல்லையெண்டு எனக்குத் தெரியும். தூக்கேக்கை இமை துடிக்கிறதைக் கண்டனான். கண்டும் களைப்பெண்டு எழுதிக் குடுத்திட்டன்."

நான் சொன்னேன்: "நானும் கண்டனான்."

அதோடு இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். மேசையைப் பற்றி. அதற்குள் வழக்கறிஞர்கள் இருவரும் வந்துவிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் எல்லாம் ஒப்பந்தமாகிவிட்டது. அன்று விசாரணை நடக்கவே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தபோது காரில் இருக்கச் சொல்லாமல் உள்ளே கூப்பிட்டேன். வதனி அறைக்குள் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். நீங்கள் குசினிக் கதிரையின் நுனியில் இருந்தீர்கள். தேத்தண்ணி ஊற்றினேன். நீங்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கூரையை நிமிர்ந்து பார்த்தீர்கள். கடைசியில் நீங்கள் கூரைத் தண்ணி ஒழுகுகிறதா என்று கேட்டீர்கள். ஒழுகுகிறது, வீட்டுச் சொந்தக்காரனுக்குச் சொல்லியும் வரவில்லை என்றேன். எந்தப் பக்கம், எவ்வளவு, ஓடு உடைந்ததா, தண்ணி ஓடும் பீலி அடைத்ததா என்று எஞ்சினியர் கேள்விகள். எட்டுப் பத்து நிமிடம் கூரையைப் பற்றியே பேசினோம். நிமிர்ந்து பார்த்தால் வதனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண் நன்றாகத் திறந்திருந்தது.

"அம்மா, அப்பாக்கு ரெண்டு சீனி. நீங்கள் ஒண்டுதான் போட்டனீங்கள்" என்றாள்.

அன்று அவள் தன் காலால் நடந்துவந்து காரில் ஏறினாள். கண்ணாடியை இறக்கிக் கை காட்டினாள்.

மறுபடி சேர்ந்து வாழ்வதைப் பற்றி நாங்கள் இருவருமே ஒருநாளும் பேசவில்லை. அது முடிந்தது முடிந்ததுதான். ஆனால் அவளுடைய பரீட்சைகள், பரதநாட்டிய வகுப்பு, ஓட்டுநர் உரிமம், கலியாணம் எல்லாவற்றுக்கும் அந்தக் குசினி மேசையில் இருந்துதான் பேசினோம். கலியாணத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தாரை வார்த்தபோது, அந்தக் காலத்தில் பக்கம் பிரிந்த ஆட்கள் எல்லாரும் முன்வரிசையில் இருந்து பார்த்தார்கள். நீங்கள் குனிந்து, "எங்களைவிட இவைக்குத்தான் அதிசயமாக் கிடக்கு" என்றீர்கள்.

வைத்தியசாலையில் உங்கள் கடைசி மாதத்தில், ஒருநாள் மதியம் நான் சூப் கொண்டுவந்தேன். அறையில் வேறு ஒருவரும் இல்லை. "உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். அந்தக் கோட்டுக் கடதாசியிலை..." என்று தொடங்கினேன். நீங்கள் கையைத் தூக்கி நிறுத்தினீர்கள்.

"உப்பு காணாது" என்றீர்கள்.

"நான் என்ன சொல்ல வாறன் எண்டு கேளுங்கோ."

"பேந்து சொல்லும்."

பேந்து, பிறகு என்ற ஒன்று வரவில்லை.

போன ஞாயிறு வதனி வந்தபோது அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்காமலே சொன்னேன். உன்ரை அப்பா உனக்குக் கை ஓங்கினார் எண்டு நான் கோட்டுக்கு எழுதிக் கையெழுத்து வைச்சனான். அது பொய். மேசையிலைதான் அடிச்சவர். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் திகைப்பு எதுவும் இல்லை.

"எனக்குத் தெரியும் அம்மா. நான் யூனிவர்சிற்றிக்குப் போன வருசம் அப்பா சொன்னவர்."

"என்ன சொன்னவர்?"

"நான் உனக்குக் கை ஓங்கினதாக் கோட்டுக் கடதாசியிலை இருக்கு, அது பொய், அம்மா ஒருநாள் அதை உனக்குச் சொல்லுவா. சொல்லேக்கை அழவிடாதை. அவ அப்ப உன்னைப் பறிகுடுத்திடுவன் எண்டு நல்லாப் பயந்து போயிருந்தவ. வேறை ஒண்டும் இல்லை. இவ்வளவும்தான் சொன்னவர்."

வதனி உங்கள் சொல்லைக் காப்பாற்ற எவ்வளவோ பார்த்தாள். என்னால்தான் அழாமல் இருக்க முடியவில்லை.

என்னைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொன்ன காலம் அது. வழக்கறிஞர்கள் சொன்னார்கள், உறவுகள் சொன்னார்கள், நானே என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டேன். அதில் ஒன்றும் இப்போது நினைவில் நிற்கவில்லை. வழக்கில் எனக்கு எதிரே நின்ற நீங்கள், எங்கள் பிள்ளையிடம் என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வரி மட்டும் என்னிடம் இருக்கிறது. ஓம், பயந்து போய்த்தான் இருந்தனான். உங்களுக்கு அது அப்போதே தெரிந்திருக்கிறது.