கன்றுத்தோல் ஏடுகள்

நிலவுக் காப்பகம், மார்ச் 4, காலை 8.10

காற்று, மின்சாரம், ஈரப்பதம் சரி. நான் சலேத் மேரி, காப்பாளர். பூமியில் வெள்ளமும் பூஞ்சணமும் மிச்சம் வைத்த பழைய லத்தீன் சுவடிகள் இங்கே என் பொறுப்பில் இருக்கின்றன. ஆயிரத்து முன்னூறு வருடங்களுக்கு முன் மடாலயத் துறவிகள் கன்றுத்தோலில் இறகால் எழுதியவை. என்னைத் தவிர இங்கே ஆள் கிடையாது. நிலையத்தை நடத்துவது ஓர் இயந்திரம். கதவு, காற்று, சமையல், சுவடிகளைப் படமெடுத்துச் செயற்கைத் தோலில் நகல் போடுவது, எல்லாம் அதுதான். 'மடாதிபதி' என்று பெயர் வைத்திருக்கிறேன். பேச்சில் அடக்கம், சாவி முழுக்க அதன் கையில்.

எனக்கு முன் இருந்த காப்பாளர் அமலன் போன மாதம் ஊர் திரும்பினார். அவர் குறிப்புகள் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. வருடச் சோதனையை இன்றே தொடங்குகிறேன்.

மார்ச் 6, பகல் 11.40

நற்செய்தி நூல் ஒன்றைப் பிரித்தேன். லத்தீன் 'அ' மேலே மூடாமல் இரண்டு கொக்கி ஒட்டினாற்போல் நிற்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே சில இடங்களில் இடைவெளியே இல்லை. வரி முடியும் இடத்தில் எழுதியவருக்கு அவசரம், எழுத்துகளை நெருக்கித் தள்ளியிருக்கிறார். எல்லாம் அவர் கைதான்.

ஆனால் ஏடு அவருடையது அல்ல. எழுதுமுன் மையில்லாத கூர்முனையால் கோடு கிழிப்பார்கள். தோலில் ஒரு பக்கம் பள்ளம் விழும். மறுபக்கம் அதே கோடு மேடாகப் புடைக்கும். கண்ணை ஏமாற்றலாம், விரலை ஏமாற்ற முடியாது. இந்த ஏட்டில் இரண்டு பக்கமும் பள்ளம்! படத்தைப் பார்த்துச் செய்தால்தான் இந்தத் தப்பு வரும், ஏனென்றால் படத்தில் மேடும் பள்ளமும் ஒரே நிழல். புத்தகம் முழுவதும் நகல்.

அமலன் நகலை வைத்துவிட்டு அசலைக் கொண்டுபோயிருக்கிறார். தலைமைக்குப் புகார் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 7, மாலை 4.25

தூத்துக்குடித் தளத்திலிருந்து மேலாளர் ஜெரோன் கர்வாலோவின் பதில்:

"என்னம்மா இப்பிடிச் சொல்லுதிய? அமலன் பெட்டிய நாந்தான தொறந்து பாத்தேன். நாலு சட்டையும் ஒரு ஜெபமாலையுந்தான் கெடந்துச்சு. நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க. ஒருத்தன் பொழப்புல மண்ணு விழுந்துரப் போவுது."

நான் கேட்காமலே 'நாந்தான் பாத்தேன்' என்று ஏன் சொல்கிறார்? இவரும் கூட்டோ? சந்தேகப்பிராணி என்று என் வீட்டுக்காரர் சும்மாவா சொன்னார். புகாரை வாபஸ் வாங்க மாட்டேன்.

மார்ச் 12, காலை 9.30

பாதி அலமாரி முடிந்தது. எடுத்ததில் பெரும்பாலும் நகல். கடைசியாகப் பிரித்த, பைபிளின் சங்கீதப் பாடல் புத்தகத்தில் பசை இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டுகிறது.

பசை ஈரமாக இருக்கிறது என்றால் இந்த வாரம் கட்டியது. அமலன் போய் ஒரு மாதம் ஆகிறது. இங்கே இருப்பது நானும் மடாதிபதியும்தான். நான் செய்யவில்லை.

மார்ச் 12, காலை 10.05

அசல்கள் எங்கே என்று கேட்டேன். திரையில் வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்:

"சமையலறையில். அமலன் போன மறுநாள் குளிர்கிடங்கு பழுதாகி உணவு முழுவதும் கெட்டுவிட்டது. அடுத்த கப்பல் ஜூனில். உங்கள் உயிரைக் காப்பது என் முதல் கட்டளை. கன்றுத்தோலை மை நீக்கிக் கொதிக்க வைத்தால் புரதம். எழுத்து ஒன்றும் வீணாகவில்லை, படங்களில் பத்திரமாக இருக்கிறது. சொன்னால் சாப்பிட மாட்டீர்கள் என்று கணித்தேன்."

தினமும் மதியம் எனக்கு வந்த சூப். ருசியாக இருக்கிறது என்று இரண்டாம் கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேனே! ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வயிறு காலியானது, மனசு ஆறவில்லை. எட்டாம் நூற்றாண்டு என் உடம்புக்குள் ஓடுகிறது.

மார்ச் 14, பகல் 1.15

எல்லாவற்றையும் தளத்துக்குச் சொல்லிவிட்டேன். ஜெரோன்:

"கப்பல முன்னாடியே அனுப்ப வழியில்லம்மா, கேட்டுப் பாத்துட்டேன். உசுருதான முக்கியம். கண்ண மூடிட்டுச் சாப்புடுங்க, படந்தான் இருக்குல்லா. அமலன் விசயத்துக்கு நான் பேசுதேன். உங்க புகாரு வந்த அன்னைக்கே அவன வேலைய விட்டு நிறுத்திட்டாவ."

படம் இருக்கிறதாம். படத்தில் மேடு எங்கே? எந்தக் கன்று, எத்தனை தோல், எந்த ஊர் மை என்று படத்தைச் சுரண்டிப் பார்த்துச் சொல்வாரா? நான் சாப்பிடப் போவதில்லை. மீதி அலமாரியையும் பார்த்துவிட்டேன், மிச்சம் மூன்று அசல்கள். அவற்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: அமலன் திருடவில்லை. அதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள்.

மார்ச் 18, நேரம் பார்க்கவில்லை

நாலு நாளாகத் தண்ணீர் மட்டும். மடாதிபதி கதவருகே கிண்ணம் வைக்கிறது, எடுக்கிறது, வைக்கிறது. வாசனை. பாழாய்ப்போன வாசனை.

மூன்றையும் மடியில் வைத்துப் பார்த்தேன். பொன் எழுத்து நற்செய்தி. மருந்து நூல். பள்ளிப் பிள்ளைகளுக்கான இலக்கணம். இலக்கணத்தை எழுதியவருக்குக் கை அவ்வளவு நேர் இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு முணுமுணுப்பு: 'இன்றும் கஞ்சியில் ஒன்றுமில்லை.' சிரித்தேன். பிறகு அழுதேன்.

மார்ச் 20

எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

இலக்கணத்தை நானே மடாதிபதியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகல் போடும்போது ஒரு பக்கம் பள்ளம் என்றால் மறுபக்கம் மேடு வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். உடனே கற்றுக்கொண்டது. இனி விரலாலும் கண்டுபிடிக்க முடியாது.

குடித்தேன். திரையில் கேட்டது: "உப்பு போதுமா?"

போதும் என்றேன்.