துணியில் பழுப்பு, பிஸ்கட்டில் ஊதா

மார்ச் 3, திங்கள்

காலையில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான், மாடி அக்கா, என் மகள், கல்யாணப் பெண், அவளுடைய அம்மா. இவர் கடைக்குப் போய்விட்டார். இவருடைய அண்ணன், அதாவது அக்காவின் கணவர், பெரியவர், மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்தால்தான் பின்னால் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று யாரும் மாற்ற முடியாது.

ஆர்டர் இதுதான். வரவேற்பு மேசைக்கு அக்கா ஒரு வெள்ளை விரிப்பில் பூக்கொடி தைத்துத் தர வேண்டும். பாதி முடித்தே விட்டார். அதே கொடியை, அதே பூவை நான் அறுபது பிஸ்கட்டில் ஐசிங்கால் போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் கல்யாணம்.

“ஊதாதாங்க முக்கியம். இவ சின்ன வயசுலேர்ந்தே ஊதாப் பைத்தியம்,” என்றார் பெண்ணின் அம்மா. பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாகச் சின்ன டப்பாவில் போட்டு, விருந்தாளிகள் கிளம்பும்போது கையில் கொடுப்பார்களாம்.

அக்கா சிரித்தார். “நான் மாசக் கணக்கா உக்காந்து தைக்கிறதை இவ ஒரே வாய்ல தின்ன வெச்சுடுவா.”

கூடப்பிறந்தவர் இல்லை, ஓரகத்திதான். ஆனால் இந்த வீட்டில் அவர் என்னைச் சிரிக்க வைக்காத நாள் குறைவு.

மார்ச் 5, புதன்

மாவு பிசைந்து, உருட்டி, வட்டமாக வெட்டிச் சுட்டாயிற்று. அறுபது கேட்டால் எழுபது சுடுவது என் வழக்கம். நான்கு விரிந்தன, இரண்டு உடைந்தன, ஒன்று இவர் வாய்க்குப் போனது. மீதி அறுபத்து மூன்று. எல்லாவற்றுக்கும் வெள்ளை ஐசிங் ஊற்றிக் காய வைத்திருக்கிறேன். விரலால் தட்டினால் ஓடு மாதிரி ‘டக்’கென்று கேட்க வேண்டும். அப்போதுதான் மேலே தையல் போடலாம்.

தையல் என்றால் நிஜத் தையல் மாதிரியேதான். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை ஊசிக்கண் அளவுக்கு வெட்டினால் சங்கிலித் தையலுக்குக் கண்ணி கண்ணியாக வரும். பூவின் நடுவில் முடிச்சுத் தையலுக்குப் புள்ளி வைத்து நுனியைச் சுழற்றி எடுக்க வேண்டும். இதழுக்கு ஓரத்தில் தடிமனாக ஒரு கோடு. அது காயும் முன்னால் ஈரத் தூரிகையால் உள்பக்கமாக இழுத்துவிட்டால் நூல் நூலாகப் பிரியும். யாரும் சொல்லித் தரவில்லை. அக்காவின் துணிகளைப் பார்த்துப் பார்த்துக் கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். பிழியும்போது மனதுக்குள் ஒரு வரி ஜெபம் ஓடும். கை நடுங்காது.

மார்ச் 6, வியாழன்

மனசே சரியில்லை.

அக்கா விரிப்பை முடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஐசிங்குக்கு நிறம் கலக்க, ஜன்னல் பக்கம் துணியை வைத்துப் பார்த்தேன். ஊதா கலந்தேன், சரியாக இருந்தது. அடுத்த பூவுக்குப் போனேன். இரண்டு இதழ் ஊதா, மூன்று இதழ் பழுப்பு. அதற்கடுத்த பூ முழுக்கவே பழுப்பு. துணியின் ஒரு பாதி ஊதா, மறுபாதியில் காய்ந்த இலை நிறத்தில் பூக்கள். தையலில் குறை சொல்ல இடமில்லை, ஒவ்வொன்றும் அச்சடித்த மாதிரி.

நிழல் காட்டுவதற்காகப் போட்டிருப்பாரோ? மெதுவாகக் கேட்டேன்.

“அக்கா, இந்தப் பூவுல காபி கலர் புதுசா இருக்கே.”

“காபியா? காலையிலேர்ந்து குடிக்கலைன்னா உனக்குப் பாக்கறதெல்லாம் காபிதான். ஊதாடி அது.”

ஊதாடி அது. நான் துணியை மடித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

மகள்தான் தற்செயலாகச் சொன்னாள். போன வாரம் பெரியம்மாவின் நூல் பெட்டியை அழகாக அடுக்கிக் கொடுத்தாளாம். “கண்டபடி கிடந்துச்சும்மா. வெளிர் கலர் ஒரு பக்கம், அடர் கலர் ஒரு பக்கம்னு மாத்தி வெச்சேன். பெரியம்மா ஒண்ணுமே சொல்லலை.”

கண்டபடி கிடக்கவில்லை. அக்கா கண்ணால் பார்த்து நூல் எடுக்கவில்லை, இடத்தைப் பார்த்து எடுத்திருக்கிறார். எந்த அறையில் எந்த நிறம் என்று விரலுக்குத் தெரியும். அறை மாறியதும் பூவும் மாறிவிட்டது.

எத்தனை காலமாக நிறம் தெரியாமல் இப்படி? ஊசியில் நூல் கோர்க்க அவர் என் மகளைக் கூப்பிடுவது வயதாவதால் என்று நினைத்தேன். நாமும் நாற்பதைத் தாண்டினால் அப்படித்தானே என்று.

சொல்லவா? சொன்னால் உடைந்துபோவார். ஊசியைத் தொட மாட்டார். துணியை மேசையில் விரித்துத் தட்டுகளை அடுக்கிவிட்டால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். இரண்டையும் ஒப்பிட ஆளில்லை. நான் பிஸ்கட்டில் ஊதாவே போட்டுவிடுகிறேன்.

மார்ச் 8, சனி, காலை

அறுபதும் ஊதா. ஒன்றில்கூடப் பழுப்பு இல்லை. ஆண்டவரே, இது அன்புதானே?

மார்ச் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. போய் எந்த முகத்தோடு நிற்பது?

நேற்று நடந்ததை எழுதி முடித்துவிடுகிறேன். மண்டபத்துக்கு நானும் அக்காவும் போனோம். பெண்ணின் அம்மாவுக்குக் கடைசி நேரத்தில் ஒரு யோசனை. “இவ்வளவு அழகா இருக்கறதை டப்பாக்குள்ள ஏன் மறைக்கணும்? எல்லாரும் பாக்கட்டும்!” என்று அறுபதையும் விரிப்பின் மேலேயே, கொடியை ஒட்டி ஒவ்வொரு பூவின் பக்கத்திலும் பரப்பி வைத்துவிட்டார். ஓடிப்போய் அள்ளிவிடலாமா என்றிருந்தது.

பெண்ணின் அத்தை ஒருத்தி வந்து நின்றாள். ஒரு பிஸ்கட்டைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். “அதென்னங்க, திங்கற பூ பளபளன்னு இருக்கு, தைச்ச பூ பாதி வாடிப்போச்சு? தண்ணி ஊத்த மறந்துட்டீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, கல்யாண வீட்டுச் சிரிப்பு. பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை.

அக்கா குனிந்தார். மூக்கு துணியைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். பிஸ்கட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்து, சின்னக் குரலில், “என்ன சொல்றாங்க? எல்லாம் ஒரே ஊதாதானே?” என்றார்.

நான் பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் எடுத்துவைக்க ஆரம்பித்தேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

திரும்பும்போது வண்டியில் கேட்டார். “உனக்கு எப்பத் தெரியும்?”

“வியாழக்கிழமை.”

“ரெண்டு நாள் இருந்துது. நூலை நீ எடுத்துக் குடுத்திருந்தா பிரிச்சுத் தைச்சிருப்பேன். என் கை நல்லாத்தானே இருக்கு?” எங்கள் தெரு திரும்பும்போது, “உன் பிஸ்கட்டை மட்டும் திருத்திக்கிட்ட,” என்றார்.

வண்டி நின்றதும் நேரே மாடிக்கு ஏறிப்போனார்.

மார்ச் 10, திங்கள்

உன் பிஸ்கட்டை மட்டும் திருத்திக்கிட்ட. — உண்மையா? அக்காவுக்காகத்தான் செய்தேன் என்று நேற்று வரை சத்தியம் பண்ணியிருப்பேன்.

மார்ச் 12, புதன்

அக்கா இறங்கி வரவில்லை. மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். குழம்பு கொடுத்தனுப்பினேன். கிண்ணம் கழுவி வந்தது, வார்த்தை வரவில்லை. இவர், “நடுவுல இருக்கறது மாடிப்படிதானே, சமுத்திரமா?” என்கிறார். இவருக்கென்ன.

பெரியவர் மட்டும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கால் மேல் கால் போட்டார். ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், ஒரு காலில் நீலம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

“ரெண்டு வருஷமா இப்படித்தான் ஆபீஸ் போறேன். மடிச்சு ஜோடி சேத்து வெக்கிறது அவதான். சொன்னா ஊசியைக் கீழ வெச்சுடுவாளோன்னு பயம். நீ ரெண்டு நாள் மறைச்சதுக்கு அழற. என்னை என்ன பண்றது?”

எனக்கு ஆறுதலாகவே இல்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைச் சுற்றிப் பொய்யால் சுவர் எழுப்பியிருக்கிறோம். அதில் அவர் தடுமாறி விழுந்தது அத்தனை பேர் முன்னால்.

காலையில் ஜெபத்துக்கு மண்டியிட்டேன். வார்த்தை பாதியில் நின்றுவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

மேலே போனேன். கதவு திறந்தேதான் இருந்தது. கட்டிலில் நூல் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

வழியில் தயார் பண்ணிக்கொண்டு போன பேச்செல்லாம் மறந்துபோனது. “பாதி உங்களுக்காக, பாதி என் பேருக்காகத்தான் செஞ்சேன் அக்கா. எது எவ்வளவுன்னு எனக்கே தெரியலை,” என்றேன்.

அவர் பெட்டியிலிருந்து ஒரு நூல் கண்டை எடுத்து நீட்டினார். “இது என்ன கலர்?”

“பச்சை.”

“நான் சாம்பல்னு நெனச்சேன். இது?”

“கறுப்பு.”

“இது கருநீலம் இல்ல?”

“இல்லக்கா, கறுப்பு.”

“நிஜமாத்தான் சொல்றியா?”

“ஆமாக்கா.”

இப்படியே பெட்டி முழுக்க. சிலது சரியாகச் சொன்னார். பலதைத் தவறாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் “தப்பு” என்று சொல்லப் பிடிக்கவில்லை, ஆனால் சொன்னேன். கடைசிக் கண்டை வைத்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

“கண்ணுல கத்தி வெப்பாங்கன்னுதான் டாக்டர்கிட்ட போகலை. ஊசி புடிச்சவளுக்கு ஊசின்னா பயம், பாரேன்.” சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “நீ இப்பப் போ.”

போகச் சொன்னதால் வந்துவிட்டேன். மன்னித்தாரா? தெரியாது.

மார்ச் 17, திங்கள்

பெரியவரும் அக்காவும் காலையில் வெளியே போனார்கள். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆண்டவரே, அந்தக் கண்களைப் பார்த்துக்கொள்ளும்.

மார்ச் 20, வியாழன்

அடுப்பில் பால் வைத்திருந்தபோது போனில் அக்காவின் குரல் பதிவு வந்தது. தலைக்கு மேல் உட்கார்ந்துகொண்டு போனில் அனுப்புகிறார்! பால் பொங்கி வழிந்தது, விட்டுவிட்டேன். மூன்று தடவை கேட்டேன். சொன்னது சொன்னபடி எழுதுகிறேன்:

“நான்தான். படியிறங்கி வந்தா உன் மூஞ்சியைப் பாத்து அழுதுடுவேன், அதான் இதுல பேசறேன். கண்ணுல புரை முத்திப்போச்சாம். முதல்ல வலது கண்ணுக்கு ஆபரேஷன், வர்ற செவ்வாய்க்கிழமை. கூட ஒரு ஆள் இருக்கணும்கறாங்க. உங்க பெரியவர் ஆஸ்பத்திரி வாசனைக்கே மயங்கி விழுவார், அப்புறம் அவரை யார் பாக்கறது? நீ வா. ஆனா டாக்டர் என்ன சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, அப்படியே எங்கிட்ட சொல்லணும். சர்க்கரை தடவக் கூடாது. அதுக்கு முடியும்னா மட்டும் வா. சாயங்காலத்துக்குள்ள அங்க பேர் குடுக்கணும். வர்றியா, இல்லையா? சீக்கிரம் பதில் சொல்லு.”