உன் தமிழ் போன பிறகு

அண்ணா,

எதிர் வீட்டுக் கேட்டுக்கு இன்று பெயின்ட் அடிக்கிறார்கள். டர்பன்டைன் வாடை ஜன்னல் வழியாக வந்ததும் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டிசம்பர் வந்தால் உன் சட்டையில் இந்த வாடைதான். பகலெல்லாம் சித்தூர் கோர்ட்டில் யாருடைய நிலத்துக்காகவோ தெலுங்கில் வாதாடிவிட்டு வருவாய். கறுப்புக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சர்ச் நாடகத்துக்குத் திரைச்சீலையில் பெத்லகேமை வரைவாய். உன் பெத்லகேமில் மாமரங்கள் நிற்கும்.

"அங்க ஏதுண்ணா மாமரம்?" என்றால், "பங்காருபாளையத்துல பொறந்திருந்தா ஏசப்பா நல்லா துன்னு வளந்திருப்பாரு" என்பாய்.

நாடகம் எழுதினாய், வயலின் வாசித்தாய், பாட்டுக் கட்டினாய். எழுதியதும் பாடியதும் எல்லாம் தமிழில். ஒருநாள் கங்காதர நெல்லூரிலிருந்து வந்த கட்சிக்காரர், நீ வயலினும் கையுமாக நிற்பதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"நாளைக்கு என் கேஸு சார், நீங்க பாட்டு பாடிக்கினு இருக்கீங்களே!"

"இருப்பா, இது நடுவுல நின்னா உன் கேஸும் நடுவுல நின்னுடும்" என்றாய். மறுநாள் ஜெயித்தும் கொடுத்தாய்.

அண்ணி வேலூர்க்காரி, என் வயதுதான். இத்தனை வருஷம் சித்தூரில் குடித்தனம் செய்தும் காய்கறிக் கடைத் தெலுங்குக்கு மேல் அவளுக்கு வரவில்லை. தேவையும் இருக்கவில்லை. வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் நீ தமிழ்தானே பேசுவாய்.

ஒரு வழக்குக்காகத் திருப்பதி போன இடத்தில், கோர்ட் வராந்தாவிலேயே சாய்ந்தாய். மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் உனக்குப் பேச்சு திரும்பிய அன்று அண்ணி கட்டிலருகே முழங்கால் போட்டு ஜெபித்தாள். பிறகுதான் தெரிந்தது, திரும்பியது தெலுங்கு மட்டும் என்று.

"மீதி வரலாம்மா, வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அண்ணி கேட்பதை நான் உனக்குத் தெலுங்கில் சொன்னேன். நீ சொல்வதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். தண்ணி வேணுமாம். காலு வலிக்குதாம். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்காரும் அந்த வேலை எந்தத் தங்கைக்கும் வரக்கூடாது.

பேச்சு போனாலும் பாட்டு போகாது என்று பலரும் சொன்னார்கள். நம்பினோம். சர்ச் பாடகர் குழு வீட்டுக்கு வந்து, நீ கட்டிய பாட்டையே பாடியது. கண்ணை மூடிக் கேட்டாய். விரல்கூடத் தாளம் போட்டது. அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து, "பாகுந்தி. எவரு ராசாரு?" என்றாய். நல்லா இருக்கு, யார் எழுதினது?

"நுவ்வே அண்ணா" என்றேன். நீதான் அண்ணா.

பொய் சாட்சியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தாய். பாட வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள். அந்தப் பாட்டை இப்போதும் சர்ச்சில் பாடுகிறார்கள். எனக்கு வாய்தான் அசைகிறது, குரல் வருவதில்லை.

கடைசி நாட்களில் எங்களையும் கட்சிக்காரர்களாகவே நினைத்துக்கொண்டாய். ஒரு மத்தியானம் அண்ணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நீ அவளை உற்றுப் பார்த்தாய். கோர்ட்டில் முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசும் அதே மரியாதையோடு, "பயபடகண்டம்மா, நேனு உன்னானு கதா" என்றாய்.

"என்னா சொல்றாரு?" என்றாள் அண்ணி.

பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல. நீ சொன்னது இதுதான்.

"பயப்படாத, நான் இருக்கேன்லன்னு சொல்றாரு அண்ணி" என்றேன்.

உன் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த வாரமே நீ போய்விட்டாய்.

இன்னமும் கேட்கிறாள்: "இன்னொரு தபா சொல்லு, அவரு என்னா சொன்னாரு?" சொல்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உலை வைக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறாள். யாரோ ஒரு பெண்ணுக்கு நீ சொன்ன அந்த 'ங்கம்மா' மட்டும் என்னிடம் நின்றுவிட்டது. அதை யாரிடம் போய் இறக்கி வைப்பேன், அண்ணா?