திருப்பித் தர வேண்டாத பெட்டி

ஊர்காவற்றுறை. தவக்காலம், மூன்றாம் வெள்ளி இரவு.

பக்கத்து வீட்டு ராசாத்தியக்காவுக்குக் கை முறிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, நேற்று இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலியில் நிற்கிற முருங்கை யாருடையது என்ற சண்டையில் இரண்டு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு, "பெட்டியைத் திருப்பித் தரவேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

"சுவாமி பிரசங்கத்தில சொன்ன மாதிரியே, ஒண்டும் எதிர்பாராமல் குடுத்திருக்கிறீர்" என்றார் கணவர். உண்மை அதுவல்ல. நல்ல சட்டியில் கொடுத்தால் அதைத் தர அக்கா என் வீட்டுக்கு வருவார். அவர் வரக்கூடாது என்றுதான் அந்தப் பெட்டி.

இன்று பின்னேரம் வாசல் படலையடியில் அக்கா நின்றார். முறிந்த கை கழுத்தோடு கட்டியிருந்தது. மற்றக் கையில் கழுவித் துடைத்த அதே பெட்டி. உள்ளே ஆய்ந்த முருங்கையிலை, அந்த மரத்து இலை. ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம் ஆய்ந்தாரோ.

"வெறும் பெட்டியாத் தரேலாது, பிள்ளை."

"உள்ளுக்கு வாங்கோ அக்கா, தேத்தண்ணி போடுறன்" என்றேன். இரண்டு தரம் வார்த்துக் குடித்தோம். மரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நாளைக்கு அம்மா தந்த சில்வர்ச் சட்டியில்தான் சொதி கொண்டுபோவேன். அதைத் திருப்பித் தர அக்கா வரவேண்டும்.